'எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு!' - கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்யும் முன் ஒரு நிமிடம்

ஆன் பட்டனை அழுத்திவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் லேப்டாப் திரை முழுதாக வருகிறது. ஒரு கட்டத்தில் அதுவும் வராமல், நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால், அங்கே நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஓஎஸ் கரப்ட் ஆகியிருக்கு சார். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டா சரியாயிடும். முக்கியமான ஃபைல் ஏதாவது இருக்கா?"

"எல்லாம் டி டிரைவ்லதான் இருக்கு. நீங்க போட்டுடுங்க."

இந்தப் பதிலை நம்பித்தான் பல வீடுகளில் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும், மறைந்த தாத்தாவின் குரல் பதிவும், கல்லூரி புராஜெக்ட்டும், கடைக் கணக்கும் காணாமல் போகின்றன. ஆபரேட்டிங் சிஸ்டத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஃபைல்கள் அப்படியல்ல.

2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11-க்கு மாறும் வேலை வீட்டிலும் அலுவலகத்திலும் நடந்துகொண்டிருக்கிறது. அந்த வேலையைத் தொடங்கும் முன், ஃபைல்களைப் பாதுகாக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

சி, டி... இரண்டும் ஒரே பெட்டிதான்!

சி டிரைவ், டி டிரைவ் என்று தனித்தனியாகத் தெரிந்தாலும், பெரும்பாலான லேப்டாப்களில் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க்தான். ஒரு பெரிய அறையை நடுவில் தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்திருப்பது போன்றது இது. வீட்டில் தீப்பிடித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொருள் தப்பிக்கும் என்று சொல்ல முடியாது.

விண்டோஸை நிறுவும்போது பார்ட்டிஷன்களின் பட்டியல் ஒன்று திரையில் வரும். அந்த இடத்தில் சி, டி என்ற பழக்கமான பெயர்கள் இருக்காது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 3', 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 4' என்று எண்களாகத்தான் இருக்கும். அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை அழித்துவிட்டால், டி டிரைவும் போய்விடும். 'பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் எடுத்துட்டு ஒண்ணா ஆக்கிடலாம்' என்று கடைக்காரர் நினைத்துவிட்டாலும் அதே கதிதான். டிஸ்க்கே பழுதாகியிருந்தால் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு விஷயம். 'எல்லாம் டி-யில் இருக்கிறது' என்பதே பல நேரங்களில் உண்மையில்லை. டெஸ்க்டாப்பில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஃபைல்கள், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்கள் எல்லாமே, நாமாக இடம் மாற்றியிருந்தால் தவிர, சி டிரைவில்தான் இருக்கின்றன. ஃபார்மட் செய்யும்போது முதலில் அழிவது அந்த சி டிரைவ்தான்.

எல்லா ரீஇன்ஸ்டாலும் ஒன்றல்ல

'ஓஎஸ் போடுவது' என்று பொதுவாகச் சொன்னாலும், அதில் பல வழிகள் இருக்கின்றன. எந்த வழியில் எது மிஞ்சும் என்று தெரிந்தால், பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

1. பழுது பார்க்கும் வழி: விண்டோஸ் 11-ன் புதிய பதிப்புகளில் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால், விண்டோஸ் அப்டேட் மூலமாகவே ஓஎஸ்ஸை மீண்டும் நிறுவும் 'ரீஇன்ஸ்டால் நவ்' வசதி இருக்கிறது. ஃபைல்கள், ஆப்கள், செட்டிங்ஸ் எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸ் ஓடும் நிலையில் இருந்தால் இதைத்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டும்.

2. ரீசெட்: அதே ரெக்கவரி பக்கத்தில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு வாய்ப்புகள் வரும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சொந்த ஃபைல்கள் இருக்கும். நாம் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால், பெயரிலேயே இருப்பதுபோல எல்லாம் போய்விடும். இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதால், இந்த இடத்தில் நிதானம் தேவை.

3. கிளீன் இன்ஸ்டால்: பென்டிரைவில் இருந்து பூட் செய்து, பழைய பார்ட்டிஷனை அழித்துவிட்டு, புதிதாக நிறுவுவது. கடைகளில் 'ஃபார்மட்' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். அந்தப் பார்ட்டிஷனில் இருந்தது எதுவும் மிஞ்சாது.

பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே விண்டோஸை நிறுவினால், பழைய ஃபைல்கள் 'விண்டோஸ்.ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கும். 'எல்லாம் போச்சே' என்று பதறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. அதற்குள் இருக்கும் 'யூஸர்ஸ்' ஃபோல்டரில் நம் பழைய டெஸ்க்டாப் இருக்க வாய்ப்புண்டு. ஆனால், இதை நிரந்தரம் என்று நினைத்துவிடக் கூடாது. விண்டோஸை அப்கிரேடு செய்தால், 10 நாள்கள் கழித்து இந்த ஃபோல்டரை விண்டோஸே அழித்துவிடும்.

மைக்ரோசாஃப்ட்டுக்கே நடந்தது

'ஃபார்மட்டே பண்ணலையே, வெறும் அப்டேட்தானே' என்று அலட்சியமாக இருப்பவர்களுக்கு 2018 அக்டோபரில் நடந்தது ஒரு பாடம்.

அந்த மாதம் 2-ம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட்டை வெளியிட்டது. சில நாள்களிலேயே, 'டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் இருந்த ஃபைல்களைக் காணோம்' என்று புகார்கள் வர, அந்த அப்டேட்டையே நிறுத்திவைத்தது.

காரணம் இதுதான். சிலர் சி டிரைவில் இடம் இல்லை என்று டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால், பழைய இடத்திலும் சில ஃபைல்கள் தங்கிப்போயிருந்தன. தேவையில்லாத பழைய ஃபோல்டர்களைச் சுத்தம் செய்யப்போன அப்டேட், உள்ளே ஃபைல்கள் இருந்ததையும் சேர்த்தே துடைத்துவிட்டது. தங்களுக்கு வந்த புகார்கள் மொத்த இன்ஸ்டால்களில் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் என மைக்ரோசாஃப்ட் சொன்னது. கோளாறைச் சரிசெய்து நவம்பர் 13-ம் தேதி அப்டேட்டை மீண்டும் வெளியிட்டது.

பத்தாயிரத்தில் ஒன்று என்பது சின்ன எண்தான். அந்த ஒன்று நம் கம்ப்யூட்டராக இருந்தால் நமக்கு அது நூறு சதவிகிதம். அதனால் 'ஃபைல்கள் அப்படியே இருக்கும்' என்று திரையே சொன்னாலும், வெளியே ஒரு நகல் எடுத்துவைத்த பிறகுதான் அடுத்த பட்டனை அழுத்த வேண்டும்.

எதையெல்லாம் எடுத்துவைக்க வேண்டும்?

போட்டோ, வீடியோ, டாக்குமென்ட் ஆகியவை எல்லோருக்கும் ஞாபகம் வரும். மறந்துபோவது வேறு சில.

டாலி கணக்கு: டாலி பிரைம் பயன்படுத்துபவர்களின் கணக்கு விவரங்கள் பொதுவாக சி டிரைவில், 'யூஸர்ஸ்' ஃபோல்டருக்குள் 'பப்ளிக்' என்ற இடத்தில் இருக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் டாலி ஐகானை நகலெடுத்தால் கணக்கு வராது. டாலிக்குள்ளேயே 'டேட்டா' மெனுவில் இருக்கும் 'பேக்கப்' மூலம் எடுப்பதுதான் சரி. ஜி.எஸ்.டி தாக்கல் செய்யும் வாரத்தில் இது காணாமல் போனால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அவுட்லுக் மெயில்: சில அலுவலகங்களில் பழைய மெயில்கள் சர்வரில் இருக்காது, கம்ப்யூட்டரில் 'அவுட்லுக் ஃபைல்ஸ்' என்ற ஃபோல்டரில் ஒரே பெரிய ஃபைலாக இருக்கும். அதைத் தனியாக எடுக்க வேண்டும்.

பிரவுசர்: பல ஆண்டுகளாகச் சேர்த்த புக்மார்க்குகள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் கண்ணில் படாத ஃபோல்டரில் இருக்கின்றன. குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புக்மார்க்குகளை எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். அந்தக் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்பதையும் இப்போதே சோதித்துவிடுங்கள்.

தமிழ் ஃபான்ட்கள்: இது நம் ஊருக்கே உரிய பிரச்னை. யூனிகோடு பரவலாகும் முன் பாமினி, வானவில் போன்ற ஃபான்ட்களில் அடித்த கடிதங்கள், பத்திரங்கள், கவிதைகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. இந்த ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருக்கும். புதிய விண்டோஸில் அந்த ஃபான்ட் இல்லையென்றால், ஃபைல் பத்திரமாகத் திறக்கும். ஆனால், உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடுபவர்களும் உண்டு. ஃபார்மட்டுக்கு முன் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் இருந்து அவற்றை நகலெடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானவற்றை யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் இன்னும் நல்லது.

லைசென்ஸ் விவரங்கள்: பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள்களின் கீ எண்கள், எந்த மெயில் ஐடியில் வாங்கினோம் என்ற விவரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸைப் பொறுத்தவரை, டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள கம்ப்யூட்டரில் அதே எடிஷனை மீண்டும் நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் பொதுவாகத் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும்.

நகலெடுக்கும்போது சறுக்கும் இடங்கள்

பேக்கப் எடுத்தும் ஃபைல்களை இழந்தவர்கள் உண்டு. எப்படி?

ஷார்ட்கட்டை எடுப்பது: டெஸ்க்டாப்பில் ஐகானின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபைல் இல்லை, ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டிப் பலகை. அதை மட்டும் பென்டிரைவில் போட்டால், ஃபார்மட்டுக்குப் பிறகு பலகை இருக்கும், ஊர் இருக்காது.

4 ஜிபி தடை: பல பென்டிரைவ்கள் 'ஃபேட்32' என்ற அமைப்பில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோக்கள் பல நேரங்களில் அதைவிடப் பெரியவை. நடுவில் வரும் எரர் மெசேஜை மூடிவிட்டு, 'காப்பி ஆகிவிட்டது' என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பென்டிரைவை 'எக்ஸ்ஃபேட்' அமைப்புக்கு மாற்றினால் பெரிய ஃபைல்களும் ஏறும். மாற்றும்போது அதில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால், காலியான பென்டிரைவில் மட்டும் செய்யுங்கள்.

ஒரே பென்டிரைவ்: விண்டோஸ் இன்ஸ்டாலர் தயாரிக்க 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். அதைத் தயாரிக்கும்போது உள்ளே இருப்பவை முழுவதுமாக அழிக்கப்படும். பேக்கப் எடுத்த அதே பென்டிரைவை இன்ஸ்டாலருக்குக் கொடுத்தால், பேக்கப்பை நாமே அழித்தது போலாகும். இரண்டுக்கும் வேறு வேறு டிரைவ்கள் கட்டாயம்.

கிளவுடில் இருக்கிறது என்ற நம்பிக்கை: ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைலுக்கு அருகே மேகச் சின்னம் இருந்தால், அது இணையத்தில் மட்டும் இருக்கிறது என்று பொருள். வட்டத்துக்குள் பச்சை டிக் இருந்தால் கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. எந்தக் கணக்கில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு என்ன என்று தெரிந்துகொள்ளாமல் ஃபார்மட் செய்யக் கூடாது. இலவச இடமும் அளவானதே. ஒன்டிரைவில் 5 ஜிபி, கூகுள் கணக்கில் 15 ஜிபி. இடம் நிரம்பிவிட்டால் புதிய ஃபைல்கள் மேலே ஏறாமலே நின்றிருக்கும். வேறு கம்ப்யூட்டரிலோ மொபைலிலோ அந்தக் கணக்கைத் திறந்து, ஃபைல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

48 இலக்கப் பூட்டு

புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்தினால், நமக்குத் தெரியாமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகியிருக்கும். லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது என்ற வகையில் இது நல்ல ஏற்பாடு. ஆனால், விண்டோஸ் கெட்டுப்போய், டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டும்போது, அந்தப் பூட்டு நம்மையும் தடுக்கும். 48 இலக்கங்கள் கொண்ட பிட்லாக்கர் ரெக்கவரி கீ இல்லாமல் ஒரு போட்டோவைக்கூட வெளியே எடுக்க முடியாது.

எனவே, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் ஆகியிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரோடு ரெக்கவரி கீ இருக்கும். ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பீரோவிலேயே வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைப்பது, பெட்டிக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டுவது போல.

விண்டோஸே வரவில்லை என்றால்?

கம்ப்யூட்டர் ஆன் ஆகாததாலேயே ஃபைல்கள் போய்விட்டன என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் கெடுவது வேறு, டிஸ்க் கெடுவது வேறு. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் ஃபைல்கள் அப்படியே உள்ளே இருக்கும்.

உபுண்டு போன்ற லினக்ஸ் ஓஎஸ்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே 'ட்ரை' என்ற முறையில் ஓடவிடலாம். அதிலிருந்து டிஸ்க்கைத் திறந்து, வேறொரு ஹார்டு டிஸ்க்குக்கு ஃபைல்களை நகலெடுக்க முடியும். அல்லது டிஸ்க்கைக் கழற்றி, யூ.எஸ்.பி. கேஸ் ஒன்றில் மாட்டி, வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்கலாம். இரண்டுமே சர்வீஸ் கடைக்காரருக்குத் தெரிந்த வேலைதான். 'முதலில் டேட்டாவை எடுங்க, அப்புறம் ஓஎஸ் போடுங்க' என்று நாம்தான் கேட்க வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் 'டிக்... டிக்...' என்று சத்தம் வந்தால், மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பதை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். முக்கியமான ஃபைல்கள் இருந்தால், டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் நேராகக் கொண்டுபோவதே சரி.

'ஃபார்மட் ஆனாலும் ரெக்கவரி பண்ணிடலாம்' என்ற பேச்சும் உண்டு. பழைய வகை ஹார்டு டிஸ்க்கில் இது ஓரளவு உண்மை. குவிக் ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றது. உள்ளே பக்கங்கள் இருக்கும். மேலே புதிதாக எதையும் எழுதாமல் உடனே நிறுத்தினால் பல ஃபைல்களை மீட்கலாம். ஆனால், இப்போது வரும் லேப்டாப்களில் இருக்கும் எஸ்.எஸ்.டி-யின் கதை வேறு. வேகத்துக்காக, அழித்த இடங்களை அது தானே காலி செய்துகொள்ளும். அதற்குப் பிறகு மீட்பது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

எடுத்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும்

1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறுதலாகக் கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அது ஒழுங்காக வேலை செய்யாமல் இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. படத்தின் தொழில்நுட்பக் குழுவில் இருந்த கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டில் இருந்து வேலை செய்வதற்காக ஒரு நகல் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையால் சுற்றி, காரில் பத்திரமாக ஸ்டூடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. சோதிக்காத பேக்கப்பை பேக்கப் என்று சொல்ல முடியாது. வேறோர் இடத்தில் இருக்கும் நகல்தான் கடைசியில் காப்பாற்றும். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரவலாக்கிய '3-2-1' விதியும் இதைத்தான் சொல்கிறது. முக்கியமான எதற்கும் 3 நகல்கள், 2 வேறு வகைச் சாதனங்களில், அதில் 1 வேறோர் இடத்தில். கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடிலோ ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ ஒன்று. ஒரு குடும்பத்துக்கு இது போதும்.

நகலெடுத்து முடித்ததும், இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்' மூலம் ஃபைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, சில படங்களையும் ஒரு வீடியோவையும் ஒரு டாக்குமென்டையும் திறந்து பாருங்கள்.

கடையில் கொடுக்கும் முன்...

* பேக்கப்பை முடிந்தவரை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பேக்கப் டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

* வீட்டிலேயே ஓஎஸ் போடுவதாக இருந்தால், இன்ஸ்டால் தொடங்கும் முன் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். மாட்டியிருந்தால் பார்ட்டிஷன் பட்டியலில் அதுவும் சேர்ந்து நிற்கும். தவறி அதையே ஃபார்மட் செய்துவிட வாய்ப்பு உண்டு.

* கடையில்தான் பேக்கப் எடுக்க வேண்டும் என்றால், எந்தெந்த ஃபோல்டர் வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். 'எல்லாம் எடுத்துடுங்க' என்பதில் உங்கள் 'எல்லாம்' வேறு, அவருடைய 'எல்லாம்' வேறாக இருக்கலாம்.

* வேலை முடிந்து, ஃபைல்களைத் திறந்து சரிபார்த்த பிறகு, கடையின் கம்ப்யூட்டரில் இருக்கும் நகலை உங்கள் கண் முன்னே அழிக்கச் சொல்லுங்கள். குடும்பப் படங்களும் ஆதார், பான் நகல்களும் அடுத்தவர் டிஸ்க்கில் தங்கக் கூடாது. கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

* லேப்டாப் வீடு திரும்பியதும் பேக்கப்பை அழித்துவிடாதீர்கள். டாலியைத் திறந்து, பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்து, மெயிலைத் திறந்து, ஒரு மாதமாவது பயன்படுத்திப் பாருங்கள். விட்டுப்போனது எது என்று அப்போதுதான் தெரியும்.

விண்டோஸ் போட ஒரு மணி நேரம் போதும். பேக்கப் எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக்கூட ஆகலாம். ஆகட்டும். உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், அதற்கான ஞாயிற்றுக்கிழமை இந்த வாரமே வருகிறது.